சி.டி.சி. அடைத்தால் நிறுத்தாமல் எடுக்கச் சொல்கிறார் மேனேஜர்: நைட் ஷிஃப்ட் டீமேக்கர் என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது. கோத்தகிரிப் பக்கம் விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைக்கும் ஒரு டீ ஃபேக்டரி. சீசன் உச்சம். வாடிய இலையை இரண்டு பல் ரோலர்களுக்கு நடுவே விட்டு நசுக்கிக் கிழிக்கும் மெஷின்தான் சி.டி.சி. இரவுத் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் நைட் ஷிஃப்ட் டீமேக்கர் கேட்கிறார்: "ரோலர் அடைத்துக்கொண்டால் மெஷினை ஓடவிட்டபடியே கம்பால் குத்தி எடுக்கச் சொல்கிறார் மேனேஜர். அதற்கு வசதியாக ஹாப்பர் (இலை விழும் புனல்) வாயில் இருந்த கார்டை (தடுப்பை) கழற்றி மூன்று வாரம் ஆகிறது. நிறுத்தினால் இலை கெடும், விவசாயி வயிற்றில் அடிக்கிறோம் என்கிறார். மறுத்தால் என் வேலை போகும். எது சரி?"

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஓடுகிற ரோலரில் அடைப்பு எடுக்கலாமா என்பது முதல் கேள்வி. கூடாது, எந்த இரவிலும் கூடாது, அதில் பேரம் பேச ஒன்றுமில்லை. அந்தக் "கூடாது"வை இரவு 2 மணிக்கு எப்படிச் சொல்வது, சொன்ன பிறகும் வேலையில் எப்படி இருப்பது என்பதுதான் இரண்டாவது. கஷ்டமானதும் அதுதான். ஆனால் முதலாவது ஏன் அவ்வளவு உறுதி என்று கணக்கோடு தெரிந்தால்தான் இரண்டாவதைப் பேச வாய் வரும்.

சி.டி.சி.யின் இரண்டு ரோலர்களும் 1-க்கு 10 என்ற வேக விகிதத்தில் சுற்றுகின்றன. மெதுவானது நிமிடத்துக்கு ஏறக்குறைய 70 சுற்று, வேகமானது 700. விட்டம் 8 அங்குலம் என்று வையுங்கள். மெதுவான ரோலரின் பல் வரிசை விநாடிக்கு முக்கால் மீட்டர் நகரும். ஏதோ இழுக்கிறது என்று உணர்ந்து கையைப் பின்னால் எடுக்க மனிதனுக்குக் கால் விநாடியாவது ஆகும். அந்தக் கால் விநாடியில் ரோலர் 18 செ.மீ. உள்ளே வாங்கிவிடும். உங்கள் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். மெதுவான ரோலர் பிடித்துக் கொடுக்கிறது, வேகமான ரோலர் கிழிக்கிறது. இலைக்குச் செய்வதைத்தான் கைக்கும் செய்யும். அரிவாள் வெட்டுபோல ஒரே துண்டாக விழாது என்பதால் விரலைத் திரும்ப ஒட்டவைப்பதும் அரிது.

"கம்பு நீளம்தானே, கை தள்ளித்தானே இருக்கிறது" என்பது அடுத்த வாதம். இலை நெகிழ்ந்ததும் கம்பு திடீரென்று உள்ளே போகும். அழுத்திக்கொண்டிருந்த உடம்பும் அதோடு முன்னால் சாயும். சாயும்போது ஊன்றிக்கொள்ளக் கை தேடுவது ஹாப்பர் விளிம்பை. கம்பு முறிந்து சிராய் முகத்தில் அடிப்பதும் உண்டு. இன்னொன்று, முதலாளி காதில் ஏறக்கூடியது: கம்பு பட்டால் ரோலர் பல் சிதையும். பல் சிதைந்தால் அடுத்த அடைப்பு சீக்கிரம் வரும், பல்லைத் திரும்பத் தீட்டும் மில்லிங்குக்கும் முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருக்கும்.

நிறுத்தினால் என்னதான் நஷ்டம்? மணிக்கு 1,000 கிலோ பச்சை இலை ஓடும் லைன் என்று கொள்வோம். நிறுத்தி, பூட்டி, சுத்தம் செய்து, திரும்ப ஓட்ட 15 நிமிடம். அதாவது 250 கிலோ இலை, 55 முதல் 60 கிலோ தூள். அந்தத் தூள் எங்கும் தொலைந்துபோகவில்லை, கால் மணி நேரம் தள்ளி வரும், அவ்வளவே. ட்ரஃபில் (இலையை வாடவைக்கும் நீளத் தொட்டியில்) ஃபேன் காற்றில் கிடக்கும் வாடிய இலைக்கு 15 நிமிடத்தில் ஒன்றும் ஆகாது.

நஷ்டம் வரக்கூடிய இடம் டிரையர். அதை யாரும் கவனிப்பதில்லை. சி.டி.சி. நின்ற இடைவெளி டிரையருக்கு உடனே வந்து சேராது. அரைத்த இலை அடுத்துப் போகும் ஃபெர்மென்டிங் (புளிக்கவைக்கும்) மெஷினில் இலை 45 நிமிடம் கிடக்கிறது என்றால், அந்த 45 நிமிடம் கழித்துத்தான் டிரையர் வாயில் பெல்ட் காலியாகும். சூடு குறைக்காமல் விட்டால் அப்போது உள்ளே இருக்கும் தூள் கருகும், ருசி பார்ப்பவர் கண்டுபிடிப்பார், குன்னூர் ஏலத்தில் விலை இறங்கும். மறுநாள் காலையில் "ராத்திரி மெஷினை நிறுத்தினதால கெட்டுது" என்று பழி உங்கள் தலையில் விழும். ஆகவே சி.டி.சி.யை நிறுத்திய மணியை டிரையர்காரரிடம் சொல்லி, சாக்பீஸால் பேனலில் எழுதவையுங்கள். இடைவெளி வந்து சேரும் நேரத்துக்குச் சற்று முன் அவர் காற்றின் சூட்டை இறக்கிக்கொள்ளட்டும். நிறுத்தும் உரிமையை நிலைநாட்ட இதைவிட நல்ல வழி கிடையாது: நிறுத்தியும் தரம் கெடவில்லை என்று காட்டுவது.

இனி நிறுத்தும் முறை. முதலில் ஃபீட் கன்வேயர், பிறகு ரோட்டார்வேன் (சி.டி.சி.க்கு முன் இலையை நசுக்கும் மெஷின்), பிறகு சி.டி.சி. கட்டுகள் (வரிசையாக நிற்கும் ரோலர் ஜோடிகள்). ஸ்டாப் பட்டனோடு விடக் கூடாது. மெயின் ஐசலேட்டரை (கரண்டை முழுதாகத் துண்டிக்கும் சுவிட்சை) இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை உள்ளே கை வைக்கப்போகிறவர் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சாவி டீமேக்கர் பையில் இருந்தால் அந்தப் பூட்டுக்குப் பாதி மதிப்புதான். இரண்டு பேர் கை வைத்தால் இரண்டு பூட்டு. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அவசரத்தில் பக்கத்து மெஷினின் ஐசலேட்டரை இறக்கியிருந்தால் அந்த ஒரு அமுக்கில் தெரிந்துவிடும்.

கரண்ட் போனதும் ரோலர் நிற்காது. வேகமான ரோலர் தன் கனத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும், சத்தம் அடங்கிவிடுவதால் நின்றுவிட்டது என்றே தோன்றும். உங்கள் மெஷினில் முழுதாக நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று ஒருநாள் வாட்ச் வைத்து அளந்து, அதன் இரண்டு மடங்கைப் பேனலில் பெயின்டால் எழுதுங்கள். அதுவரை மூடியைத் தொடக் கூடாது. பிறகு ரோலர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை மாற்றும் திருகைத் தளர்த்தி, மரச் சுரண்டியாலும் பித்தளை பிரஷ்ஷாலும் எடுக்கலாம். நின்ற ரோலரின் பல்லும் பிளேடுதான், ஆகவே தடித்த தோல் கையுறை வேண்டும். ஓடுகிற மெஷின் பக்கத்திலோ எந்த உறையும் கூடாது, துணி நுனி பல்லில் மாட்டினால் கையோடு இழுக்கும். முடித்ததும் பிரஷ், ஸ்பானர், ஆள் எல்லாம் வெளியே இருக்கிறதா என்று எண்ணி, கார்டைப் போட்டு, பூட்டெடுத்து, மணியடித்து, காலியாக ஓட்டிவிட்டு இலை விடுங்கள்.

மலைக்கே உரிய இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று குளிர். இரவில் மஃப்ளர், சால்வை, சைஸ் பெரிய ஜெர்கின், தொங்கும் முந்தானை இல்லாமல் ஆள் வருவதே இல்லை. குளிராதே என்று சொல்ல முடியாது. ஃபேக்டரி செலவில் உடம்போடு ஒட்டிய ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்து, மஃப்ளரை வாசலில் வாங்கி வைக்கலாம். மற்றொன்று கரண்ட். மழையில் மரம் சாய்ந்து லைன் போகும். இருட்டில் மெஷின் நின்றதும், "சரி, நின்னுடுச்சே, இப்பவே எடுத்துடலாம்" என்று ஒருவர் கை வைப்பார். சில விநாடிகளில் ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் ஒழுங்காக இருந்தால் கரண்ட் போனதும் விழுந்துவிடும், திரும்பப் பட்டனை அமுக்கினால்தான் மெஷின் ஓடும். அடிக்கடி விழுகிறது என்று அதில் மரத்துண்டு செருகியோ டைரக்ட் கொடுத்தோ வைத்திருந்தால் மெஷின் தானாகவே கிளம்பும். எலக்ட்ரீஷியனை வைத்து ஒவ்வொரு ஸ்டார்ட்டரையும் திறந்து பாருங்கள். கார்டு இல்லாத ரோலரும் டைரக்ட் கொடுத்த ஸ்டார்ட்டரும் ஒரே ஃபேக்டரியில் இருந்தால், விபத்துக்கு ஒரு மழை ராத்திரிதான் பாக்கி.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். விவசாயி வயிற்றில் அடிக்கிறோம் என்ற பேச்சைப் பொய்யென்று தள்ளிவிட முடியாது. கட்டபெட்டிலும் அரவேணுவிலும் கீழ்க்கோத்தகிரியிலும் இலை கொடுப்பவர்கள் பலர் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள். பையிலேயே சூடேறிச் சிவந்த இலைக்கு விலை கிடையாது. ஆக ஒரு பக்கம் ஒருவர் விரல், மறுபக்கம் பத்துப் பேர் வருமானம் என்று தராசு காட்டுகிறார்கள். அந்தத் தராசு இரவு 2 மணிக்குத்தான் அப்படித் தெரிகிறது. மாலை 4 மணிக்குப் போய்ப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். மணிக்கு 1,000 கிலோ லைன், 20 மணி நேர ஓட்டம் என்றால் 20,000 கிலோதான் அரைக்க முடியும். மிச்ச 4 மணி நேரம் சுத்தம் செய்ய, அடைப்பெடுக்க, ரோலர் மாற்ற. ட்ரஃபும் அப்படித்தான். சதுர அடிக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ தாங்கும், 6 அடிக்கு 80 அடி ட்ரஃப் என்றால் 1,200 முதல் 1,440 கிலோ. இவ்வளவும் தெரிந்தே, உதாரணத்துக்கு, 26,000 கிலோவுக்கு ஏஜென்ட் வண்டிகளை உள்ளே விட்டவர்தான் அந்தப் பதினைந்து நிமிடத்தைச் செலவழித்துவிட்டார். கூடுதல் இலையைத் தடிமனாகப் பரப்பினால் வாடல் சீராக வராது. வாடாத இலையில் ஈரம் அதிகம், ரோலரில் பசைபோல் ஒட்டும், அடைப்பு பெருகும். மழைநாள் இலையில் மேலீரமும் சேரும். கையை உள்ளே விடச் சொல்லும் கட்டாயம் இலை எடுக்கும் மேடையில் பிறக்கிறது, ரோலர் வாயில் வந்து நிற்கிறது.

அதனால் நீங்கள் பேச வேண்டிய நேரம் மாலை. இலை வரவுப் புத்தகத்தைப் பார்த்து, "சார், இன்னைக்கு 20,000-க்கு மேல எடுத்தா ராத்திரி தள்ளாது. மிச்ச வண்டிக்கு நாளைக்கு கோட்டா சொல்லிடலாம், இல்லைன்னா பக்கத்து ஃபேக்டரிக்குப் பேசி அனுப்பிடலாம்" என்று சொல்லுங்கள். இன்று பறிக்க வேண்டாம் என்று காலையிலேயே ஃபோனில் சொன்னால் இலை செடியில் இருக்கும், நாளை வரும். விவசாயிமேல் உண்மையில் அக்கறை உள்ளவர் செய்வது அதைத்தான்.

இரவில் பேச வேண்டி வந்தால் தர்மம், மனசாட்சி என்று ஆரம்பிக்காதீர்கள். களைத்திருக்கும் மனிதர் அதைத் தன்மேல் வைக்கும் குற்றச்சாட்டாகவே கேட்பார். நேரத்தைச் சொல்லுங்கள்: "சார், நிறுத்திட்டேன். 15 நிமிஷம். டிரையர்ல சொல்லியாச்சு. 2.40-க்கு ஓடும்." அனுமதி கேட்கும் தொனியே வேண்டாம். இதே ராத்திரியில் மூன்றாவது முறை அடைத்தால் ஃபீடைக் கால் பங்கு குறைத்து ஓட்டுங்கள், அதையும் தகவலாகச் சொல்லுங்கள். அதற்கும் அவர் "ஓட விட்டே எடு" என்று அடம்பிடித்தால் அமைதியாக ஒரு வரி: "சரிங்க சார், ஓடுற மெஷின்ல எடுக்கச் சொன்னீங்கன்னு லாக் புக்ல எழுதி, உங்க கையெழுத்து வாங்கிக்கிறேன்." பெரும்பாலும் பேச்சு அங்கேயே நிற்கும். அவர் உண்மையிலேயே கையெழுத்துப் போட்டாலும் மெஷின் ஓடும்போது எடுக்காதீர்கள். தாள் உங்களுக்குச் சாட்சி, ரோலருக்கு அது தெரியாது.

இங்கே டீமேக்கர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, அதை நேராகவே சொல்ல வேண்டும். தனக்குப் பயம், மேனேஜரை எதிர்க்கவும் முடியவில்லை. அப்போது கம்பு யார் கைக்குப் போகிறது? ஜார்க்கண்டிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்து, தமிழ் பாதி புரிந்து, லைன் வீட்டில் தங்கி, மறுத்தால் அன்றிரவே தங்க இடமில்லாத பையன் கைக்கு. மேனேஜர் உங்கள்மேல் வைத்த பாரத்தை நீங்கள் அவன்மேல் இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். "அவனே போய் எடுத்தான், நான் சொல்லவில்லை" என்பதும் இதில் சேர்த்திதான். அவனுக்குப் பூட்டும் சாவியும் கொடுங்கள். "மெஷின் பந்த், தாலா, சாபி தேரே பாஸ், பிர் ஹாத்" (மெஷினை நிறுத்து, பூட்டு, சாவி உன்னிடம், பிறகு கை) என்று நாலு வார்த்தை இந்தியில் சொல்லிக் கொடுத்து, அவனையே ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சட்டம் உங்கள் பக்கம் தெளிவாகவே இருக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம், 1948-இன் 21-ஆம் பிரிவு ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்பதோடு நிற்கவில்லை, மெஷின் ஓடும்போது அது இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்றது. 22-ஆம் பிரிவு ஓடும் மெஷினைப் பரிசோதிக்கவும் எண்ணெயிடவும் சரிசெய்யவும் மட்டும் வழிவிட்டது. அதுவும் தனிப்பயிற்சி பெற்று, பதிவேட்டில் பெயர் ஏறி, உடலோடு ஒட்டிய உடை போட்ட ஆளுக்குத்தான், அந்த உடையும் நிர்வாகம் தர வேண்டியது. கம்பால் அடைப்புக் குத்துவது இதில் எங்குமே வராது. இந்தச் சட்டத்தின் இடத்தை 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் எடுத்துக்கொண்டது. பிரிவு எண் மாறினாலும் கார்டு இல்லாமல் ஓட்டலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

எல்லாரும் கோட்டை விடும் விஷயம் இழப்பீடு. டீ தயாரிப்பை மட்டும் செய்யும் ஃபேக்டரியை இ.எஸ்.ஐ. சட்டம் பருவகாலத் தொழிற்சாலை என்று விலக்கி வைத்திருந்தது. உங்கள் ஆட்களின் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் வழிக் கணக்குதான் (அந்தச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போனது). ஒரு கையில் மூன்று விரல் போனால் அந்த அட்டவணைப்படி 30 சதவீத இழப்பு. 35 வயது, கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளம் 15,000 ரூபாய் என்றால், அதில் 60 சதவீதத்தை அந்த வயதுக்குரிய 197.06-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம்: 5,32,062 ரூபாய். கட்டைவிரல் ஒன்று மட்டும் போனாலும் அதே 30 சதவீதம். இதை 60 கிலோ தூள் கால் மணி தாமதமாவதோடு பக்கத்தில் வைத்து முதலாளியிடம் காட்டலாம், தப்பில்லை.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு முள் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி என்று தெரிந்தே தொழிலாளி அதை வேண்டுமென்று கழற்றியதாலோ அலட்சியம் செய்ததாலோ காயம் நேரடியாக வந்தது என்றால், சாவும் நிரந்தர முழு ஊனமும் தவிர மற்றவற்றில் முதலாளி பொறுப்பை மறுக்கலாம். விரல் போவது இந்த "மற்றவை"யில்தான் வரும். இன்று "கழட்டு" என்று வாயால் சொல்பவர், நாளை "அவனா கழட்டினான்" என்று சொல்ல இடமிருக்கிறது. கார்டு இல்லாத மெஷினைத் தேதி தெரியும்படி ஃபோட்டோ எடுங்கள். "ஹாப்பர் கார்டு இத்தனையாம் தேதியிலிருந்து இல்லை, மாட்டித் தரவும்" என்று மேனேஜருக்கு வாட்ஸப்பில் ஒரு வரி போடுங்கள். லாக் புக்கிலும் எழுதி, அந்தப் பக்கத்தை ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். மலையில் இதற்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. கொடைக்கானல் பாதரச தெர்மாமீட்டர் ஆலை 2001-இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு வந்தது 2016-இல். பாதிப்பையும் அதன் காரணத்தையும் நிரூபிக்கும் பாரம் தொழிலாளி தலையில் விழுந்தால் வருஷங்கள் அப்படித்தான் ஓடும்.

உள்ளே சொல்லியும் நகராவிட்டால், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுதலாம். புகார் தந்தவர் யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும் என்று 1948 சட்டத்தின் 118ஏ பிரிவு சொன்னது. சின்ன ஃபேக்டரியில் யார் எழுதியிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை, அதையும் மனதில் வையுங்கள். யூனியன் இருந்தால் அதன் பெயரில் போவது நல்லது. இல்லையென்றால் ஃபிட்டர், டிரையர்காரர், இரண்டு ஷிஃப்ட் டீமேக்கர்கள் சேர்ந்து கையெழுத்திடுங்கள். ஒருவரை நிறுத்தலாம், சீசன் நடுவில் நாலு பேரை நிறுத்திவிட்டு இலையை யார் அரைப்பார்?

இதையெல்லாம் மீறிக் கை மாட்டிவிட்டால்: மெயினை இறக்குங்கள். மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டாதீர்கள், கையை இழுக்காதீர்கள். இடைவெளித் திருகைத் தளர்த்தி ரோலரைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஸ்பானர் எந்நேரமும் மெஷினிலேயே சங்கிலியில் தொங்க வேண்டும், ஸ்டோரில் பூட்டி வைக்கிற சாமான் இல்லை அது. சுத்தமான துணியை வைத்து அழுத்திக் கையை உயர்த்திப் பிடியுங்கள். துண்டான பகுதி கிடைத்தால் ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. 108-ஐ அழைக்கும்போதே இறங்கும் ரோடு திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் குன்னூர் வழியாகச் சுற்ற வேண்டியிருக்கும்.

கடைசியாக அந்தக் கார்டு. மூன்று வாரம் முன்பு அதை ஏன் கழற்றினார்கள்? நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டவே பத்து நிமிடம் ஆகிறது, ஒவ்வொரு அடைப்புக்கும் யார் செய்வார்கள்? அந்தச் சலிப்பு நியாயமானது. பழையதையே திரும்ப மாட்டினால் அடுத்த மாதம் திரும்பக் கழலும். ஃபிட்டரிடம் சொல்லி ஒரு பக்கம் கீல் வைத்து, மறுபக்கம் கொக்கி வைத்துச் செய்யச் சொல்லுங்கள். கம்பி வலையின் கண் 12 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, வலை ரோலர் வாயிலிருந்து 12 செ.மீ.யாவது தள்ளியிருக்க வேண்டும். திறந்தால் மெஷின் நிற்கும்படி கீலில் ஒரு லிமிட் சுவிட்ச். அதைக் கம்பி கட்டி ஏமாற்ற முடியாதபடி மூடிக்குள் மறைத்து வையுங்கள். வெல்டிங்கும் வயரிங்கும் சேர்த்து ஒரு நாள் வேலை, வாரச் சுத்தத்துக்கு மெஷின் நிற்கும் அன்றே முடித்துவிடலாம்.